வேலைக்குப் போகும் வழியில்

ஐஸ் பெட்டிமேல் மாலையைச் சாத்திய கம்பெனி ஹெச்.ஆர். வைத்தீஸ்வரன், கையிலிருந்த ஃபைலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தப் பெட்டிமேலேயே வைத்தார். உள்ளே படுத்திருந்த பொன்னுரங்கம் ஒன்றும் சொல்லவில்லை. உயிரோடிருந்த காலத்திலும் அப்பா ஹெச்.ஆரை எதிர்த்துப் பேசியதில்லை என்று கீதாவுக்குத் தெரியும்.

"மன்னிச்சுக்கம்மா. இன்னைக்குள்ள ஆக்சிடென்ட் ரிப்போர்ட் இ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போகணும். அப்பா எதுக்கு ரோட்டைக் க்ராஸ் பண்ணார்?"

நேற்றுக் காலையிலிருந்து தெருவே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. இருபத்திரண்டு வருடமாக அப்பா தாம்பரம் சானடோரியத்தில் ரயிலேறி வண்டலூரில் இறங்குவார். ஸ்டேஷன் பக்கத்திலேயே கம்பெனி பஸ் வந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஏற்றிக்கொண்டு போகும். ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்ட வேண்டிய வேலையே இல்லை. ஆனால் லாரி அடித்தது நடு ரோட்டில்.

"அந்தப் பக்கம் ஜூதானே கீது? புலி பாக்கவா போனாரு?" என்றாள் அத்தை சந்திரிகா. புலியில்லை, வேறு வீடு இருக்கும் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அம்மா தையல்நாயகியின் காதில் அது விழுந்துவிட்டது. கீதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தாய்மாமன் பாலு முன்னால் வந்தார். கால் உடைந்து ஆறு மாதம் இ.எஸ்.ஐ. காப்பீட்டுப் பணத்தில் சாப்பிட்டவர் என்பதால், சொந்தத்தில் அவருக்குப் பாதி வக்கீல் மரியாதை உண்டு.

"மாமா சம்பளத்துல நூத்துக்கு முக்கா ரூபா, கம்பெனி மூணே கால் ரூபா, மாசா மாசம் கட்டிகினு வந்தாங்க. அதுலேர்ந்துதான் குடுப்பான், தர்மம் இல்ல. வேலைக்குப் போற வழில செத்தா வேலைல செத்த மாதிரிதான். அக்காவுக்கு ஆயுசுக்கும் மாசா மாசம் பணம் வரும்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "மறுகல்யாணம் பண்ணிக்கற வரைக்கும்."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"ரூல்ல கீதுக்கா, நானா சொல்றேன்? ஆனா ஒண்ணு. சொந்த வேலையா வழி மாறிப் போயிருந்தா பைசா கெடைக்காது."

கீதா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பணம் இல்லையென்றால் அடுத்த மாத வாடகைக்கே அம்மாவுக்கு வழியில்லை.

அப்போதுதான் வாசலில், "அண்ணா! நம்ம கடைக்கு வந்துட்டுப் போசொல்லோ இப்டி ஆய்டுச்சே!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒரு பெண் நுழைந்தாள். கையில் மஞ்சள் பை. எல்லாத் தலைகளும் திரும்பின.

தையல்நாயகி எழுந்து நின்றாள். "யார் நீ?"

"அங்காளம்மாக்கா. வண்டலூர்ல ரோட்டுக்கு அந்தாண்ட இட்லிக்கடை வெச்சிகினுகீறேன். அண்ணன் நாலு வருசமா நம்ம கடைலதான் நாஸ்டா. வடகறின்னா உசுரு. நேத்து இத்த மறந்து வெச்சிட்டுப் போய்ட்டாரு."

பையிலிருந்து டிபன் டப்பா வெளியே வந்தது. கீதா திறந்து பார்த்தாள். ஓட்ஸ் கஞ்சி, தொடவே இல்லை.

பிரஷர் வந்த நாளிலிருந்து தையல்நாயகி நாலு மணிக்கு எழுந்து உப்பில்லாமல் சமைத்துக் கட்டிக்கொடுத்த டப்பா. 'என் கையால தவிர வெளில ஒரு வாய் துன்ன மாட்டாரு' என்று அவள் பெருமையடிக்காத கல்யாண வீடில்லை. வேறு வீடு இல்லை என்ற நிம்மதி அவள் முகத்துக்கு வருவதற்குள், அதைவிடப் பெரிய துரோகம் வந்து உட்கார்ந்துவிட்டது.

வைத்தீஸ்வரனின் பேனா நின்றது. "வீட்ல டிபன் கட்டிக் குடுத்தும் ருசிக்காகப் போனார்னா, சொந்த வேலைன்னு சொல்லிடுவாங்கம்மா. வீட்ல எதுவும் இல்லாம, டியூட்டிக்குப் போற வழில பசிக்குச் சாப்பிட்டார்னா அது வேற."

தையல்நாயகி பெட்டியைப் பார்த்தாள். சந்திரிகாவைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எழுதிக்க சார். நான் காத்தால எழுந்துக்கவே மாட்டேன். அந்த மனுசனுக்கு ஒரு நாளும் நாஸ்டா குடுத்ததில்ல."

"அப்போ இந்த டப்பா?"

"அது மத்தியானத்துக்கு."

கம்பெனி கேன்டீனில் மதியச் சாப்பாடு உண்டு என்பது வைத்தீஸ்வரனுக்குத் தெரியும். தெரியாதவர் மாதிரி எழுதினார். "ஆபீஸ்லேர்ந்து விசாரிக்க வருவாங்க. கடைக்காரம்மா சாட்சி சொல்லணும்."

"எங்க வேணா வரேன் சார்."

"அடிப்பாவி, இத்தன வருசமா எழுந்துக்கவே இல்லியா நீ!" என்று சந்திரிகா வாயில் கைவைத்தாள். கீதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

தையல்நாயகி அங்காளம்மாவின் அருகில் போய் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"துன்னப் போசொல்லோ அடிச்சதா, துன்னுட்டுத் திரும்பசொல்லோவா?"

"துன்னுட்டுதாங்க்கா. ஆறு இட்லி. வடகறி ரெண்டாவது தடவ கேட்டு வாங்கனாரு."

"ஆறா?"

"ஆறுக்கா. ஏப்பம் வுட்டுகினேதான் போனாரு."

தையல்நாயகியின் கண் பெட்டிக்குள் புருசனின் வயிற்றுக்குப் போனது. பாலு பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டு, "அக்கா, வாய்க்கரிசி போடு வா," என்று தட்டை நீட்டினார். அவள் கை நிறைய அள்ளினாள். புருசன் முகத்தருகே குனிந்தவள், என்ன நினைத்தாளோ, அள்ளியதைத் தட்டிலேயே உதிர்த்துவிட்டு, விரலில் ஒட்டியிருந்த நாலே நாலு அரிசியை மட்டும் போட்டாள்.