வெளியே ஒரு ஆள்

சலூன்காரருக்கு வாய் நீளம். இதைச் சொன்னது எதிரிகள் இல்லை, கட்டிய மனைவி. கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் இவர் வாய் ஓயாது என்பாள். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் எழுந்து போகும்போது தலை லேசாகியிருக்கும், காது புளித்திருக்கும்.

ஆனால் சபையில் அந்த வாய்க்குத் தனி மவுசு. அவர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு யாரது என்று பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்காக ஜெபிக்கும் குழுவுக்கு அவரையே தலைவராகப் போட்டிருந்தார்கள்.

அந்த வருஷம் பாஸ்டர் அடிக்கடி ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்தானாபதி. ஒரு ராஜா தான் போக முடியாத தேசத்துக்குத் தன் ஆளை அனுப்புகிறார், அங்கே அந்த ஆள் பேசினால் ராஜா பேசின மாதிரி. நாம் எல்லாரும் இயேசுவுக்கு அப்படி, என்றார். சலூன்காரருக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. கடைக் கண்ணாடிக்கு மேலே எழுதி ஒட்டினார். சவரம் செய்துகொள்ள வந்தவர்களுக்கு, அவர்கள் தலையசைக்க முடியாத நிலையில் இருக்கும்போது, விளக்கம் சொன்னார். வீட்டில் மனைவிக்கு இது வசதியாகப் போயிற்று.

"ஸ்தானாபதி ஐயா, குப்பைக்கூடை நிரம்பிடுச்சு, கொஞ்சம் வெளிய வைக்கிறீங்களா?" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பார்க்கப் போனது சபையில் கீபோர்டு வாசிப்பவரின் மைத்துனரை. சிறுநீரகத்தில் கல். ஜன்னலோரக் கட்டில் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த மைத்துனரோ காலையிலேயே கல் விழுந்து, பிழைத்தேன் என்று வீட்டுக்குப் போய்விட்டார். ஜன்னலோரக் கட்டிலில் இப்போது வேறொருவர் படுத்திருந்தார். பேர் கேட்கிற வழக்கமெல்லாம் நம் சலூன்காரருக்கு ஏது? கட்டில் தலைமாட்டில் நின்று கண்ணை மூடிவிட்டார்.

"ஆண்டவரே, இந்தச் சகோதரனோட கல்லை நொறுக்கும்! பொடிப்பொடியா ஆக்கும்! தண்ணியாக் கரைச்சு வெளியேத்தும்!"

கல்லை அவர் பல விதமாக உடைத்துத் தள்ளி, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, கட்டிலில் இருந்த பெரியவர் மரியாதையாக எழுந்து உட்கார்ந்திருந்தார். பெரிய தோள்கள், உள்ளே போன கன்னம், சில நாள் தாடி.

"நல்லாப் பேசினீங்க தம்பி," என்றார். "ஆனா எனக்குக் கல்லு இல்ல. குடல்ல கட்டி."

குழுவில் வந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள். சலூன்காரர் அசடு வழிந்தார். வேறு யாராவது இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நழுவியிருப்பார்கள். இவருக்குத்தான் நழுவத் தெரியாதே. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெரியவர் கிரேன் ஓட்டினவர். பெரிய பெரிய கட்டடங்களுக்கெல்லாம் இரும்பும் கல்லும் தூக்கிக் கொடுத்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கிடையாது, கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு திசையில்.

"மேல கூண்டுக்குள்ள ஒத்தையில உக்காந்திருப்பேன். சுமை எங்க இறங்குதுன்னு எனக்குத் தெரியாது. கீழ ஒருத்தன் நின்னு கை காட்டுவான். அவன் கையைப் பாத்துத்தான் தூக்குறது, இறக்குறது எல்லாம்," என்றவர், அடுத்த கட்டிலருகே நின்ற பெண்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஆமா, நீங்கள்லாம் யாரு?"

"இயேசுவோட ஆளுங்க ஐயா."

"அவரு வரலையா?"

கிண்டல் இல்லை. கல்யாணத்துக்கு வந்தவரிடம் வீட்டில் எல்லாரும் வரவில்லையா என்று கேட்பது போலக் கேட்டார். சலூன்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகத்தானே அவர் வருஷம் பூராவும் காத்திருந்தார்!

"அவருக்குப் பதிலாத்தான் நாங்க வந்திருக்கோம்! நாங்க அவரோட ஸ்தானாபதி!"

பெரியவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "வியாழக்கிழமை காலையில ஆபரேஷன். வெளிய உக்கார ஒரு ஆள் வேணுமாம். ரத்தம், மருந்துன்னா ஓடணும்ல. ஆள் இல்லைன்னா கத்தி வைக்க மாட்டாங்களாம். எனக்குன்னு யாரும் இல்ல தம்பி."

"கவலையே படாதீங்க ஐயா. நாங்க இருக்கோம். நான் வந்துடறேன். ஜெபத்துலயும் உங்களைத் தாங்குறோம்!"

'நாங்க இருக்கோம்' என்பது நம்ம விசுவாசிகள் வாயில் மூச்சு மாதிரி வரும். பொய் என்று சொல்லிவிட முடியாது. சொல்லும்போது மனசாரத்தான் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதுதான் மறந்துபோகிறது.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் சலூன்காரர் எழுந்து சாட்சி சொன்னார். தவறான கட்டில், சரியான மனுஷன், கர்த்தருடைய வழிகள் எவ்வளவு ஆச்சரியம்! சபையே அல்லேலூயா சொன்னது. பாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலிலேயே காரியம் முடிந்துவிட்டது போல அவருக்கு ஒரு நிறைவு.

வியாழக்கிழமை காலையில் கடையில் நல்ல கூட்டம். மதியம் சபையில் வேலை. மறுநாள் ஆண்டுக் கூட்டம் ஆரம்பம் என்பதால் வாசலில் பேனர் கட்ட வேண்டும். ஏணியில் ஏறி நின்று, ஒரு முனையைக் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனைக்குத் திரும்பினார். தொங்கிய துணி காற்றில் எழும்பி முகத்துக்கு நேரே விரிந்தது. பாஸ்டர் தேர்ந்தெடுத்த வாசகம், கை அகலத்துக்குச் சிவப்பு எழுத்து: அவருக்குப் பதிலாக நாம்.

இன்று வியாழக்கிழமை என்பது அப்போதுதான் சலூன்காரருக்கு உறைத்தது. பேனரை ஒரு பக்கம் தொங்க விட்டுவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

ஜன்னலோரக் கட்டில் பெரியவர் என்று கேட்டதுமே வார்டு வாசலில் நர்ஸ் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்தான், ஆனால் அன்று அவள் முகத்தில் கடுகு போட்டால் வெடித்திருக்கும்.

"நீங்கதானா அது? காலையில ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நின்னு கூவுறேன், இவரோட ஆள் யாருன்னு. பேர் என்னன்னு இவர்கிட்டக் கேட்டா, பேர் தெரியாது, இயேசுவோட ஆளுன்னு கூப்பிடுங்க, வந்துடுவார்ங்கிறார். நானும் கூப்பிட்டேன். காத்திருந்த ஜனமெல்லாம் சிரிச்சுது. இவர் ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு, சிரிக்காதீங்க, அவர் வருவார்னு சொல்லிட்டே இருந்தார்."

சலூன்காரர் அவள் தோளுக்கு மேலாக ஜன்னலோரக் கட்டிலை எட்டிப் பார்த்தார்.

"இப்போ ஆபரேஷனே வேணாம்ங்கிறார். டாக்டர் புதன்கிழமை வைக்கலாம்னு சொல்லிட்டார், இவர் வீட்டுக்குப் போறேன்னு நிக்கிறார். திங்கக்கிழமை வரைக்குமாவது இருங்கன்னு கெஞ்சி வெச்சிருக்கோம். போனார்னா திரும்பி வர மாட்டார் சார். அந்தக் கட்டி இவருக்காகக் காத்துக்கிட்டும் இருக்காது."

பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"வாங்க தம்பி. வேலை இருந்திருக்கும்," என்றார்.

"இல்ல ஐயா. மறந்துட்டேன்."

"ம்." எழுந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கீழ கை காட்டுற ஆள் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா என்ன ஆகும் தெரியுமா? ஒண்ணும் ஆகாது. சுமை அந்தரத்துல தொங்கும், அவ்வளவுதான். தூக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. காலையில நான் அப்படித்தான் கிடந்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "உங்க இயேசு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல தம்பி. அவரை எனக்குத் தெரியாது. உங்களைத்தானே தெரியும்."

சலூன்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவள் திட்டவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டாள்.

"அவருக்குத் தாடி வளந்திருக்கா?"

"ஆமா. ஏன்?"

"நாளைக்குக் காலையில பெட்டியை எடுத்துட்டுப் போங்க. சவரம் பண்ணி விடுங்க. அந்த வேலையில உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. வாயை மட்டும் இங்கயே வெச்சிட்டுப் போங்க, நான் பத்திரமாப் பாத்துக்கிறேன்."

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் அவர் பெட்டியோடு போய் நின்றார். பெரியவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. சலூன்காரர் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டினார். வெந்நீரில் பிரஷ்ஷை நனைத்து நுரை பூசினார். ஒட்டிப்போன கன்னத்தில் கத்தி ஓடாது. அங்கே கட்டைவிரலால் தோலை மெல்ல இழுத்துப் பிடித்து, குருவிக்குஞ்சைத் தொடுகிற மாதிரி வழித்தெடுத்தார். தாடைக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. அதைச் சுற்றிப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

சனிக்கிழமையும் போனார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் போனார். குழுவோடு வரும்போது அந்தக் கட்டிலை விட்டுவிட்டு மற்றக் கட்டில்களில் ஜெபித்தார், அதுவும் மெல்லிய குரலில், ஒவ்வொருவரிடமும் என்ன உடம்புக்கு என்று கேட்டுவிட்டு.

திங்கட்கிழமை காலை. நுரை பூசிய முகத்தோடு பெரியவரே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு அவ்வளவு பேசினீங்க. இப்ப ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறீங்க?"

"திறந்தா கெட்டுப்போகுது ஐயா."

பெரியவர் சிரித்துவிட்டார். சிரித்ததில் நுரை மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மி முடித்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தார். உள்ளங்கை தரையைப் பார்க்க, கை மெல்ல மெல்லக் கீழே போனது.

"இது என்ன தெரியுமா? மெல்ல இறக்கு. எங்க, காட்டுங்க பார்ப்போம்."

சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டு, ஈரக்கையால் காட்டினார்.

"அடப் போங்க தம்பி, இப்படிக் காட்டினா எவன் தலையிலயாவதுதான் இறங்கும். நிதானமா. கையைப் பாக்கிறவனுக்குப் பதற்றம் வரக் கூடாது."

மறுபடி காட்டினார். பெரியவர் பரவாயில்லை என்று தலையாட்டினார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"புதன்கிழமை வருவீங்களா?"

கவலையே படாதீங்க, நாங்க இருக்கோம், ஜெபத்துல தாங்குறோம் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சலூன்காரர் விழுங்கினார்.

"வருவேன்," என்றார்.

புதன்கிழமை கடையைத் திறக்கவே இல்லை. தியேட்டர் வாசல் பெஞ்சில் விடியும்போதே வந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் மனைவி, மடியில் பிளாஸ்க். போன வியாழக்கிழமையிலிருந்து காத்துக் கிடக்கிற சிலரும் அங்கே இருந்தார்கள். கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள். அவளுக்குச் சலூன்காரரைத் தெரியும், கண்ணுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரியும். இருந்தாலும், நோயாளி அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருந்தார்.

"இயேசுவோட ஆள் யாரு?"

பெஞ்சுகளில் சிரிப்பு ஓடியது. சலூன்காரர் எழுந்திருக்கவில்லை. மேடையில் நின்று எத்தனையோ தரம் முழங்கிய பேர், இப்போது அதற்குக் குரல் கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

"கூப்பிடுறாங்க. எழுந்திருங்க," என்றாள் மனைவி.

"நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு..."

"அந்த ஐயாவுக்கு வேற ஆளைத் தெரியாதே," என்றாள் அவள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அவர் எழுந்தார். "நான்தான் சிஸ்டர்," என்றார். முன்வரிசைக்குக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது.

ஸ்ட்ரெச்சரைக் கதவருகே நிறுத்தினார்கள். மழமழவென்று வழித்த முகத்தோடு பெரியவர் படுத்திருந்தார். தலையைத் தூக்கி வெளியே பார்த்தார். அவ்வளவு பெரிய மனுஷனின் கண்ணில் குழந்தையின் பயம் இருந்தது. சலூன்காரருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. எதையும் சொல்லவில்லை. கையை உயர்த்தினார். உள்ளங்கை கீழே பார்க்க, நிதானமாக, பதற்றமில்லாமல் இறக்கினார். பெரியவர் அந்தக் கையையே பார்த்தார். அது கீழே வந்து நின்றதும் தலையைத் தலையணையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவைச் சாத்தினார்கள். மனைவி வந்து உட்காரச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. ஒரு தடவை ரத்தம் வாங்கி வர ஓடினார், ஒரு தடவை மருந்துக்கு. ஓடிப்போய்த் திரும்பி வந்து மறுபடி அதே இடத்தில் நின்றார். பக்கத்து பெஞ்சில் காலையில் சிரித்தவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"உக்காருங்க சார், கால் கடுக்கும்."

"இல்ல, நான் இங்க நிக்கணும்," என்றார் சலூன்காரர். காரணத்தை விளக்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு நர்ஸ் வந்தாள். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கட்டியை எடுத்தாச்சு. நல்லாயிருக்கார். கண்ணு சரியாத் திறக்கல, நாக்கு குழறுது, அதுக்குள்ள ஒரே கேள்வி. வெளிய நிக்கிறாரா, வெளிய நிக்கிறாரான்னு. நான் போய் என்ன சொல்லட்டும்?"

"நிக்கிறேன்னு சொல்லுங்க," என்றார் சலூன்காரர்.

மனைவி பிளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளர் காப்பியை ஊற்றி நீட்டினாள். கதவைப் பார்த்து நின்றபடியே அவர் அதை வாங்கிக் குடித்தார்.