கட்டிலுக்கு ஒரு ஆள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அந்த வருடம் பாடம் நடத்த நேரம் கிடைத்ததே அதிசயம். வாக்காளர் பட்டியல் சரிபார்த்தார். சொட்டு மருந்துக்குக் கூட்டம் சேர்த்தார். கழிப்பறை இல்லாத வீடுகளை எண்ணினார். கடைசியாக, மேம்பாலம் வரப்போகிறது, பாதையில் இருக்கும் தகரக் கூரை வரிசைகளை இடிக்கப்போகிறார்கள், அங்கே குடியிருப்பவர்களைக் கணக்கெடுங்கள் என்று ஒரு பை நிறையப் படிவங்களைக் கொடுத்துவிட்டார்கள். பட்டியலில் பேர் இருந்தால் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு வீடு. பேர் இல்லாவிட்டால் தெரு.

"எதுக்கெடுத்தாலும் டீச்சர்தானா சார்?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டார்.

"உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்" என்றார் அவர்.

அந்த முத்துதான் இப்போது வினையாகிவிட்டது. பட்டியல் மேல் ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசி நாளன்று, மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில், பள்ளி வாசலில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். தோளில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"டீச்சர், நான் இருக்கேனா?"

"என்னம்மா கேள்வி இது?"

"பட்டியல்ல இல்லன்னு போட்டிருக்கு. பதினாலாம் நம்பர் ரூம். கீழ உங்க கையெழுத்து."

டீச்சருக்கு அந்த அறை நினைவுக்கு வந்தது. மூன்று முறை போக வேண்டும் என்பது விதி. மூன்று முறையும் போனார். மூன்றும் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான். பள்ளிக்கூடம் அவரை வெளியே விட்டது அப்போதுதான். ஒவ்வொரு முறையும் ஒரே பெண் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். "இங்க யாரும்மா தங்கறது?" என்றால் கண்ணைத் திறக்காமலே "நான்தான்" என்றாள். அறைக்குச் சொந்தக்காரன் கொடுத்த சீட்டில் இன்னொரு பேரும் இருந்தது. ஆனால் சுற்றறிக்கை தெளிவாகச் சொன்னது: பகிர்ந்து வாழும் அறைகளில் கட்டிலுக்கு ஒரு ஆள் எனக் கொள்க. அறையில் கட்டில் ஒன்று. ஆகவே இரண்டாவது பேருக்கு எதிரே 'இல்லை' என்று முத்து முத்தாக எழுதினார்.

"அவ ராத்திரி ஷிப்ட்டு, நான் பகல் ஷிப்ட்டு. ரெண்டு பேருக்கும் ஒரே மில்லு" என்றாள் வந்தவள். "அவ எந்திரிச்சா நான் படுப்பேன். நான் எந்திரிச்சா அவ படுப்பா. கட்டில் ஒண்ணுதான் டீச்சர், ஆள் ரெண்டு."

"இதை என்கிட்ட யாராவது சொல்லக் கூடாதா?"

"யாரு சொல்றது? நீங்க வந்தப்ப நான் மில்லுல. அவ தூக்கத்துல."

அந்த வரிசையில் இவளைப் பகல்காரி என்றும் மற்றவளை ராத்திரிக்காரி என்றும்தான் கூப்பிடுவார்கள் என்பதும் இப்போதுதான் டீச்சருக்குத் தெரிந்தது. பாவம், தூங்கட்டும் என்று நினைத்துத்தான் மேலே கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவருக்கு அன்று பசி. கடவுள் கணக்கெடுத்தால் தூங்குகிறவளையும் எண்ணுவார், வேலைக்குப் போனவளையும் எண்ணுவார். படிவத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான், மதியம் ஒரு மணிக்குக் கண்ணில் படுகிறவர்கள் மட்டுமே மனிதர்கள்.

வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். இரண்டாம் ஜன்னலில் ஐந்தாம் ஜன்னல் என்றார்கள். ஐந்தில் சாப்பாட்டு இடைவேளை என்ற பலகை. அது முடிந்ததும் இரண்டிலேயே கேளுங்கள் என்றார்கள். இரண்டாம் ஜன்னல் எழுத்தருக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டைக்கும் கோப்புக்கும் நடுவே பேசினார்.

"ஆட்சேபணையைக் குடியிருப்பவர்தான் கொடுக்கணும் மேடம்."

"இதோ நிக்கறாங்களே."

"பட்டியல்படி இவங்க குடியிருப்பவர் இல்லையே."

"அதுக்குத்தானே சார் ஆட்சேபணை!"

"குடியிருப்பவர் அல்லாதவர் ஆட்சேபணை கொடுக்க முடியாதே."

ஒன்பதாம் வாய்ப்பாட்டை நாற்பதாவது முறையாகச் சொல்லிக்கொடுக்கும்போது வரும் குரல் டீச்சருக்கு வந்தது. "சார், நல்லாக் கேளுங்க. இவங்க இருக்காங்க. இல்லைன்னு எழுதினது நான். நான் எழுதினது தப்பு. இதுல உங்களுக்கு எது புரியல?"

எழுத்தர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தப்புன்னு எழுதிக் கொடுப்பீங்களா? மெமோ வரும். அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லக் கூடாது."

"கொடுக்கறேன்."

"அது மட்டும் பத்தாது. அந்த ரூம்ல ஏற்கெனவே பதிவானவங்க நேர்ல வந்து, இவங்களும் அங்கதான்னு கையெழுத்துப் போடணும். அஞ்சு மணிக்குள்ள. இன்னொண்ணு, கதவுக்கு ஒரு வீடுதான். ரெண்டு பேர்னு ஆயிட்டா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வீடு."

வெளியே வந்ததும் பகல்காரி நின்றுவிட்டாள். "விட்டுடலாம் டீச்சர்."

"என்னது?"

"அவளுக்கு ஒரு பொண்ணு இருக்கு. அம்மாகிட்ட விட்டிருக்கா. தனி வீடு கிடைச்சாக் கூட்டிட்டு வரணும்னு ஞாயித்துக்கிழமை முழுக்க அதே பேச்சு. நான் எப்படிப் போய்க் கேக்கறது?"

"உனக்கு வேற இடம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப வாயை மூடிட்டு நட" என்றார் டீச்சர். கோபத்தில் மரியாதை பறந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

பதினாலாம் அறையின் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மணி மூன்றேகால். கையைத் தூக்கிய பகல்காரி, தட்டாமல் இறக்கிவிட்டாள்.

"நாலு வருஷமா அவ தூக்கத்தை நான் கெடுத்ததில்ல டீச்சர். மறந்துபோன எதையாவது எடுக்க வந்தாக்கூட செருப்பைக் கையில தூக்கிட்டுத்தான் போவேன்."

"கடவுளே, எனக்குப் பொறுமையைக் கொடு" என்று டீச்சர் வாய்விட்டே வேண்டினார். பிறகு அதற்குக் காத்திராமல் கதவைத் தட்டினார்.

"தொறந்துதான் கெடக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ராத்திரிக்காரி கட்டிலில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கட்டிலுக்கு அடியில் இரண்டு தகரப் பெட்டிகள். கொடியின் இரு முனைகளிலும் இரண்டு பேருடைய துணிகள், ஒன்றோடொன்று படாமல் தொங்கின.

"தூங்கலையா நீ?" என்றாள் பகல்காரி.

"மூணு நாளா எங்கக்கா தூக்கம்? பட்டியல் ஒட்டின அன்னைக்கே பார்த்துட்டேன். என் பேருக்கு டிக்கு, உன் பேருக்கு இல்லை. பேசாம இருந்துட்டேன்." அவள் டீச்சரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துப் பேசினாள். "நானா எழுதினேன்? டீச்சர்தானே எழுதினாங்கன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கண்ணை மூடினா தலகாணியில உன் எண்ணெ வாசம்தான் வருது. எங்கேந்து தூங்கறது?"

எழுத்தர் சொன்னதை டீச்சர் ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரே வீடு என்பதை இரண்டு முறை சொன்னார். மறைத்து ஒரு கையெழுத்து வாங்குவதைவிட அது வராமலே போகட்டும் என்று நினைத்தார்.

வெளியே ஏதோ ஒரு வண்டி நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எனக்கே எனக்குன்னு ஒரு கதவு. அவ்ளோதான் நெனச்சேன்" என்றாள் ராத்திரிக்காரி.

"நீ போட வேணாம்டி" என்றாள் பகல்காரி.

"சும்மா இருக்கா! நீ வேற நல்லவளா இருந்து என் உயிரை வாங்காத." எழுந்து முகத்தைக் கழுவினாள். தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பினாள். "ஒரு விஷயம். பாப்பா வருவா. ராத்திரியில தூக்கத்துல உதைப்பா. இப்பவே சொல்லிட்டேன்."

"உதைக்கட்டும்."

"அப்புறம் அழக் கூடாது."

"உன் கொறட்டையையே ஞாயித்துக்கிழமைல நாலு வருஷமாக் கேட்டுட்டு இருக்கேன். பாப்பா உதைச்சா என்ன?"

அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். டீச்சர் தன் தவறை எழுதினார். இந்த முறை எழுத்து முத்தாக வரவில்லை. ராத்திரிக்காரி கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தூக்கத்தில் ஆடினாள். எழுத்தர் எழுந்து, தன் நாற்காலியைப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே தள்ளிவிட்டார்.

"உக்காருங்கம்மா. நின்னுக்கிட்டே தூங்கறீங்க." பிறகு நின்றபடியே படிவத்தைப் புரட்டினார். தும்மினார். "குழந்தை இருக்குன்னு இப்ப இங்க நின்னு பேசிக்கிட்டீங்களே, அது பேரையும் எழுதுங்க. இங்க எடம் இருக்கு பாருங்க. எழுதலைன்னா நாளைக்கு அதுவும் இல்லைன்னு ஆயிடும்."

ஐந்து மணியாக நான்கு நிமிடம் இருக்கையில் முத்திரை விழுந்தது. பதினாலாம் அறை, மூன்று பேர், ஒரு வீடு. டீச்சர் ரசீதை மூன்று முறை படித்தார். இன்று தன் எழுத்து உட்பட எந்த எழுத்தின் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. மெமோ வரும். வரட்டும் என்று நினைத்தார்.

வாசலுக்கு வந்ததும் பகல்காரி சொன்னாள்: "நீ போய்ப் படு. இன்னைக்கு ராத்திரி உன் மெஷினுக்கு நான் போறேன். நான்தான் லீவு போட்டாச்சே."

"காலையில இருந்து அலையுற நீ போவியா? நீ போய்ப் படு."

"மூணு நாளா தூங்காதவ, மெஷின்ல வெரலைக் கொடுத்துடுவ."

"உனக்கு மட்டும் வெரல் இரும்பா?"

"மேஸ்திரிக்குத் தலை எண்ணிக்கைதான் முக்கியம். யார் தலைன்னா பார்க்கப்போறான்?"

"அதெல்லாம் இல்லக்கா, நீதான் படுக்கணும். சொன்னாக் கேளு."

"நீ கேளேன் ஒரு தடவையாவது!"

பேருந்து ஒன்று வந்து நின்று போய்விட்டது. இருவரும் கவனிக்கவில்லை. அடுத்தது வரவும் அதே பேச்சுதான். திருத்த வேண்டிய முப்பத்தாறு நோட்டுகள் மேஜையில் காத்திருக்க, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் நின்றுகொண்டிருந்த டீச்சர், அதற்குமேல் தாங்க முடியாமல் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"யாராவது ஒருத்தர் போய்த் தூங்குங்களேன்!"