கூப்பிட்டாலும் ஆள் வராத ஹோட்டல்

1

இந்தக் கதை கனவில் வந்தது என்று சொல்லத்தான் ஆசை. அப்படிச் சொன்னால் பேட்டி எடுப்பவர்கள் பேனாவைத் திறப்பார்கள். உண்மையில் இது கைப்பேசியில் வந்தது. பழைய கோட்டையும் ஏரியும் உள்ள ஓர் ஊரில் ‘புனைவும் மெய்ம்மையும்’ என்ற தலைப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தங்கும் இடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மெய்ம்மை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. ஹோட்டல் தேடும்போது, ஒரு ஹோட்டலுக்கு யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருந்த திட்டு கண்ணில் பட்டது:

“நாள் முழுக்க ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. மணி அடித்தாலும் ஆள் வரவில்லை. ரூமில் ஒரே ஒரு நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் ஏரி இல்லை, ஒரு சுவரும் அதன்மேல் சாய்ந்த மரமும்தான். கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது, ரூம் போனும் வேலை செய்யாது. யாரும் போகாதீர்கள்.”

படித்ததும் எனக்கு அங்கே போகவேண்டும்போல் இருந்தது. போகவில்லை. (பேச்சாளர் அங்கே தங்கினார் என்று தெரிந்தால், அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் இருந்த ‘புகழ்பெற்ற’ கழன்றுவிடும்.) எனக்குப் பதிலாக ஒருத்தியை அனுப்பலாம் என்று முடிவு செய்தேன். கதை எழுதுகிறவனுக்கு அந்த வசதி உண்டு.

2

முதல் தொடக்கம்: “ஏரியின்மீது பொன்னந்தி கவிந்தது. அவள் மெல்ல...” அடித்துவிட்டேன். ஆள் யாரென்றே தெரியாமல் பொன்னந்தியை எதற்குச் செலவழிப்பது?

இரண்டாவது: “காலம் என்பது கோட்டைச் சுவரில் படியும்...” இதை மேடைக்கு என்று எடுத்துவைத்தேன். நல்ல கைதட்டல்.

மூன்றாவது: ரயில் நிலையத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. மேலே ‘விசாரணை’ என்ற பலகை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுபெற்ற நாள்வரை அந்த ஓட்டை வழியாக உலகம் அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தது. வண்டி எப்போ வரும், ஏன் வரல, வந்தா எங்கே நிக்கும். ஒருத்தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, “மேடம், நான் போகலாமா வேணாமா? நீங்களே சொல்லுங்க” என்றுகூடக் கேட்டான். “ஆறாவது பிளாட்பாரம்” என்றாள். அவன் போய்விட்டான். போனது நல்லதுக்கா என்று அவள் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதுதான் தொடக்கம். நிலையத்தில் அவளை என்கொயரி என்றுதான் கூப்பிட்டார்கள். நமக்கும் அது போதும்.*

* முதலில் ‘அவர்’ என்றுதான் எழுதினேன். மரியாதை அவளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே உட்கார வைத்தது. அதனால் ‘அவள்’. அடிக்குறிப்புக்கும் ஒரே நட்சத்திரம்தான் கொடுத்திருக்கிறேன், கவனிக்கவும்.

3

வீட்டில் கண்ணாடித் தடுப்பு கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் கணவர் ஒரு குழாய்க் கம்பெனியில் துணை மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். உறவுக்காரர்கள் அவரை ‘எம்.டி.’ என்பார்கள். முதலில் கிண்டலாகத்தான் சொன்னார்கள். அவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டதில் கிண்டல் செத்துப்போய், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

“என் கண்ணாடி எங்க?”

“நெத்தியில.”

“அந்தக் கல்யாணத்துக்கு நாம போனோமா?”

“போனோம். நீங்க பந்தியில சண்டை போட்டீங்க.”

போன வீடுகளில் யாராவது “சர்க்கரை எவ்வளவு சார்?” என்று கேட்டால், எம்.டி. பதில் சொல்லாமல் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அவள் “அரை ஸ்பூன்” என்பாள். அவருக்கு என்ன பிடிக்கும் என்பது அவருக்கு வெளியே, அவளிடம்தான் இருந்தது.

வெளியூரில் இருக்கும் மகள் ஒரு நாள் போனில் சொன்னாள்: “ரெண்டு நாள் எங்கயாவது போயிட்டு வாங்க. ஊரு நான் முடிவு பண்ணியாச்சு, கோட்டை, ஏரி எல்லாம் இருக்கு. ஹோட்டல மட்டும் நீங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். அப்பா, ஆராய்ச்சி பண்ணாதீங்க.”

எம்.டி. ஆராய்ச்சி பண்ணினார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி ஏறியது, தட்டுகள் ஓரம் போயின. அந்த ஊரின் எல்லா ஹோட்டலிலும் ஒரே ராஜா ஓர் இரவு தங்கியிருந்தார். அத்தனை இரவுகளையும் கூட்டிப் பார்த்தால் அவர் அரண்மனையில் தூங்கவே இல்லை. பாவம், சொந்த வீட்டில் என்ன பிரச்சினையோ.

“இங்க பாரு. நுழையும்போதே ரெண்டு பேர் சங்கு ஊதறான். ரூமுக்கு ஒரு பட்லர், மணிக்கொரு தடவை வந்து என்ன வேணும்னு கேப்பானாம்!”

“மணிக்கொரு தடவையா?” என்றாள் என்கொயரி. அவள் குரலில் இருந்த பயத்தை எம்.டி. பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

அவள் தன் கைப்பேசியில் வேறு வழியாகத் தேடினாள். ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சிகளைத் தொடவில்லை, அடியிலிருந்து மேலே படித்துக்கொண்டு வந்தாள். இது கவுண்ட்டரில் படித்த பாடம்: வண்டியைப் பிடித்தவன் வந்து எதுவும் சொல்லமாட்டான், விட்டவன்தான் விவரமாகச் சொல்லுவான். அப்படி வரும்போது, முதல் பகுதியில் நான் காட்டிய அந்தத் திட்டு.

நாள் முழுக்க ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை படித்தாள். பிறகு துணி மடிக்கப் போனாள். மடித்த துணிகளுக்கு நடுவே அந்த அறை வந்து நின்றது. சுவரில் மரத்தின் நிழல், தண்ணீருக்கு அடியில் அசைவதுபோல அசைந்தது. நாற்காலி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. எங்கோ ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்துவிட்டு, சொல்ல ஒன்றுமில்லை என்று அடங்கியது. வண்டிகள் எல்லாம் சரியான நேரத்துக்கு, ஆள் இல்லாமல், வெளிச்சத்தோடு போய்க்கொண்டிருந்தன. அவள் ஒரு தலையணை உறையைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் அங்கேயே இருந்தாள். எங்கே என்று கேட்காதீர்கள்.

4

“ஒரு ஸ்டாரா! உனக்கு எழுத்து சரியாத் தெரியுதா?”

“தெரியுது.”

“டிவி... ஏன், போனே வேலை செய்யாதுன்னு போட்டிருக்கானே!”

“ஆமா.”

“ஏன் உனக்கு இது?”

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, நான் ஒண்ணு கேக்கட்டுமா?”

எம்.டி. மடிக்கணினியை மூடினார். இந்த வாக்கியத்தை இந்தத் திசையிலிருந்து அவர் கேட்டதே இல்லை.

“நீங்க அந்த சங்கு ஹோட்டல்லயே இருங்க. எனக்கு இங்க ஒரு ரூம். ஒரே ஒரு நாள்.”

“தனியாவா? என்ன கோபம் உனக்கு?”

“கோபம் இருந்தா பக்கத்துலயே இருந்து காட்டியிருப்பேனே.”

“யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?”

“அங்க நம்மள யாருக்குத் தெரியும்? யார் கேக்கப்போறா?”

“மாத்திரை? எது காலையில, எது சாயங்காலம்னு...”

“பட்லர் இருக்காரே. மணிக்கொரு தடவை.”

போனில் மகள் சிரித்த சிரிப்பில் எம்.டி. இன்னும் கொஞ்சம் சுருங்கினார். “அப்பா, விடுங்கப்பா. நாலு தெரு தள்ளித்தான் இருக்கு, நாடு கடத்தலையே!”

5

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கையெழுத்துப் பிரதியைப் படித்த விமர்சக நண்பர், “அவள் ஏன் தனியாக இருக்க விரும்புகிறாள் என்பதற்கு ஆழமான காரணம் வேண்டும். ஒரு பழைய காதல்? ஒரு நோய்?” என்று கேட்டார். அவர் வீட்டில்தான் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் மூன்று முறை, “ஏம்மா, என் சார்ஜர் எங்க?” என்று உள்பக்கம் குரல் கொடுத்தார். மூன்று முறையும் பதில் வந்தது. நான் பிரதியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.)

6

ஊர் படத்தில் இருந்ததுபோலவே இருந்தது. கூட்டம் மட்டும் படத்தில் இல்லை. மதியம் என்கொயரி தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு சந்துக்குள் போனாள். எம்.டி.க்கு இரண்டு பேர் சங்கு ஊதினார்கள், ஒருவருக்கு மூச்சு பாதியில் நின்றது.

பட்லர் வந்தார். முறுக்கு மீசை, ஒரு முனை பசை விட்டிருந்தது.

“சார், ஜன்னல் திரை திறந்து இருக்கட்டுமா, மூடட்டுமா?”

“இருக்கட்டும்.”

“திறந்தா, மூடியா சார்?”

பிறகு தண்ணீர் சூடாகவா, ஆறியா. பிறகு செய்தித்தாள் எந்தப் பக்கம் மேலே. பிறகு, வெள்ளித்தட்டில் ஓர் அட்டையோடு, ஆகக் கடைசியாக:

“தலையணை மெத்துன்னு வேணுமா சார், கெட்டியாவா? ஏழு தினுசு இருக்கு.”

எம்.டி. வழக்கம்போல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அங்கே ராஜாவின் படம் இருந்தது. ராஜாவுக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் தலை வைத்துப் படுத்தவர், எதன்மேல் படுத்தோம் என்று யோசித்துப் பார்த்தார். மேகம்போல் ஒன்று வந்தது, பஞ்சுமூட்டைபோல் ஒன்று வந்தது, இரண்டும் கலைந்து போயின.

“ஒரு நிமிஷம். கேட்டுட்டு வந்துடறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

7

சந்துகள் மஞ்சள் வெயிலில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன. நானும் அவர் பின்னாலேயே போனேன். ஒற்றை நட்சத்திர ஹோட்டலின் வரவேற்பு மேசையில் ஒரு மணி இருந்தது. அடித்தார். திட்டியவர் பொய் சொல்லவில்லை. யாரும் வரவில்லை. மாடி ஏறினோம். நீளமான நடை, ஒரே மாதிரிக் கதவுகள். எது என்று கேட்க ஆளில்லை. எம்.டி. ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு போய் ஒன்றின் முன் நின்றார். வெளியே ஒரு ஜோடி செருப்பு, இடது செருப்பின் குதிகால் மட்டும் தேய்ந்தது. இதை அவர் யாரையும் கேட்காமல் கண்டுபிடித்தார்.

முடிவு அ: தட்டுகிறார். “கெட்டி” என்று உள்ளிருந்து பதில் வருகிறது. சிரிப்பு, சமாதானம், பத்திரிகை ஆசிரியருக்குத் திருப்தி. ஆனால் அவள் நாள் அங்கே முடிந்துபோகிறது.

முடிவு ஆ: தட்டாமல் திரும்பிப் போய், ஏழு தலையணையிலும் ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்க்கிறார். எனக்கு இது பிடித்திருக்கிறது. அவர் அவ்வளவு நல்லவரா என்பதுதான் தெரியவில்லை.

முடிவு இ: அவள் ஜன்னலருகே உட்கார்ந்து, மரத்தின் நிழல் சுவரில்... இல்லை. இதை எழுத நான் உள்ளே போகவேண்டும். போனதும், என்ன நினைக்கிறீர்கள், சந்தோஷமா இருக்கீங்களா, அந்தப் பையோடு வந்தவன் ஞாபகம் வந்தானா என்று ஆரம்பிப்பேன். கதாசிரியனைவிடக் கேள்வி கேட்கிற பிராணி ஏது?

அதனால் கதவுக்கு இந்தப் பக்கமே நிற்கிறேன். உள்ளே ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரியவில்லை. எம்.டி. கையைத் தூக்கிவிட்டார், விரல்கள் மடங்கி கதவுக்கு ஒரு சாண் தூரத்தில்...

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. என் கேள்விகளைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்குகிறேன், சத்தம் வராமல். நடையில் இனி அவரும் நீங்களும்தான். உங்களுக்கும் ஒன்று கேட்கவேண்டும்போல் இருக்கும், உள்ளே அவள் என்ன செய்கிறாள் என்று.

அவர் கை தூக்கியபடியே இருக்கிறது. நீங்கள் அதற்கு எட்டும் தூரத்தில்தான் நிற்கிறீர்கள்.