கடைசியாகப் பார்த்த இடம்

சீனுவாசன் சாரின் முன்பல் என் கீபோர்டில் வந்து விழுந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அடித்தவர் மண்ணாங்கட்டி. பொம்மையார்பாளையத்து மீனவர். அவருடைய தம்பி செல்வகுமாரும் மகன் கோகுலகிருஷ்ணனும் முந்தின நாள் கடலுக்குப் போனார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு போன் செய்து, மிஷின் நின்றுவிட்டது, நங்கூரக் கயிறும் அறுந்துவிட்டது என்றார்கள். அத்தோடு போன் அணைந்துவிட்டது. இப்போது காலை பத்து மணி. எங்கள் படகு தேடிக்கொண்டே இருந்தது. கிடைக்கவில்லை.

"ஃபேன் போட்டு உக்காந்துக்கினு சம்பளம் வாங்கறீங்களே, என் புள்ள எங்கடா?"

சார் எழுந்திருக்கப் பார்த்தார். மண்ணாங்கட்டி அவருடைய வயிற்றில் உதைத்தார். வெளியிலிருந்து ஒரு கல் வந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. கூட்டம் வாசல் வரை ஏறியிருந்தது.

எங்கள் ஆபீஸ் கடற்கரையில் ஒரே ஒரு அறை. கடலில் காணாமல் போகிறவர்களைத் தேடுவது வேலை. சார் பொறுப்பாளர். நான் ரேடியோ கேட்டு நோட்டில் எழுதுகிறவள். முப்பது மீனவ ஊர்களுக்கும் சேர்த்து ஒரு படகு. அதிலும் அன்றைக்கு நாலு மணி நேரத்துக்குத்தான் டீசல் மிச்சம் இருந்தது. நான் பி.எஸ்சி. இயற்பியல். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். நாங்கள் தமிழ்ச் சமணர்கள், நயினார் என்பார்கள்; மீன் தொடமாட்டோம். எனக்குச் சத்தமாகப் பேச வராது. கடிதம் எழுதுவேன். இரண்டாவது படகு கேட்டு விழுப்புரத்து மேலதிகாரிக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தேன்.

"தேடின இடம் தப்பு," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. சார் தரையில் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார். நான் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் எழுத ஆரம்பித்தேன். எண்கள் கோணலாக வந்தன.

மண்ணாங்கட்டி திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா கிறுக்கற?"

"நீங்க மரக்காணத்துக்கு நேரான்னு சொன்னீங்க. அங்கதான் தேடினோம். இன்னிக்குக் காலையில எட்டரை மணிக்கு அவங்க ஐஸ் பெட்டி கடலூருக்கு நேரா கிடைச்சிருக்கு. மரக்காணத்துல இருந்து அது அம்பது கிலோமீட்டர். பெட்டி அவ்வளவு தூரம் போகணும்னா மணிக்கு ரெண்டரை கிலோமீட்டர் ஓடியிருக்கணும். தண்ணி தெற்கே ஒன்றரைதான் இழுக்குது. காத்தையும் சேர்த்தா ஒன்றே முக்கால். அதுக்கு மேல வராது."

"நயினார் வூட்டுப் பொண்ணு. மீனு கவிச்சி பட்டாலே மூக்க மூடிக்கும். எனக்குத் தண்ணி ஓட்டம் சொல்லித் தருது, பாருங்கடா!"

வாசலில் யாரோ சிரித்தார்கள். மண்ணாங்கட்டி பலகையைப் பிடுங்கி என் மேஜை விளிம்பில் அடித்தார். அது இரண்டாக உடைந்தது. ஒரு துண்டு என் நெற்றியைக் கிழித்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

அப்போது செல்வகுமாரின் மனைவி சித்ரா உள்ளே வந்தாள். முந்தின நாள் மதியத்திலிருந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தவள். எதுவும் சாப்பிடவில்லை. அவள் என்னைக் கேட்டாள்.

"அப்போ எங்க போனாங்க?"

"தெரியாது. ஆனா மரக்காணம் இல்ல."

அவள் மண்ணாங்கட்டியைப் பார்த்தாள். "மாமா. பாருக்கா அனுப்பின?"

அவர் கையிலிருந்த பலகைத் துண்டைக் கீழே போட்டார்.

பார் என்பது கடலடியில் இருக்கும் பாறை. அங்கே மீன் அடையும். ஒரு குடும்பம் கண்டுபிடித்த பாரை இன்னொரு குடும்பத்துக்குச் சொல்லாது. பெண்டாட்டிக்கும் சொல்லாது. அந்தப் பக்கம் வேறு படகு வந்தால் வலையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார்கள். எங்கள் படிவத்தில் 'கடைசியாகப் பார்த்த இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதுவதை ரேடியோவில் எல்லாப் படகுக்கும் மூன்று முறை வாசிக்க வேண்டும். அது விதி. முந்தின நாள் மரக்காணம் என்று வாசித்தது நான்தான்.

"நானே நேத்து சாயங்காலம் அங்க போய்ப் பாத்தேன்," என்றார் மண்ணாங்கட்டி. குரல் இறங்கியிருந்தது. "அங்க இல்ல. அலை தூக்கி அடிச்சிச்சு, திரும்பிட்டேன். இல்லாத எடத்த எதுக்கு ஊருக்குச் சொல்லணும்?"

நான் விழுப்புரத்துக்கு போன் போட்டேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "பெட்டி வேற, படகு வேறம்மா. எடத்தச் சொன்னவரு கையெழுத்துப் போட்டு மாத்திக் குடுத்தா படக அனுப்பு. ஒரே படகு. நாளைக்கு என்னைக் கேள்வி கேப்பாங்க."

அவர் சொன்னதில் பாதி சரி. பெட்டி லேசானது, காற்றில் ஓடும். பாதி முழுகின படகு மெதுவாக நகரும். புறப்பட்ட இடம் தெரிந்தால்தான் இப்போது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட முடியும்.

"எடத்தச் சொல்லு மாமா," என்றாள் சித்ரா.

"அது எங்கப்பன் கண்ட பாரு. மைக்குல போனா நாளைக்கு முப்பது ஊரு படகும் அங்க நிக்கும். அப்புறம் நீயும் உன் புள்ளைங்களும் இன்னாத்த துன்னுவீங்க?"

அவள் சுவரில் தொங்கின சிவப்பு வாளியை எடுத்தாள். தீ அணைக்க மணல் நிரப்பி வைத்தது. இரண்டு கையாலும் வீசினாள். வாளி அவருடைய காதில் பட்டது. அவர் பீரோவின் மேல் சாய்ந்து, அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். ஒரு முறை. இன்னொரு முறை. அவள் அவருடைய மணிக்கட்டைக் கடித்தாள். அவர் கத்திக்கொண்டே விட்டார். வாசலில் நின்ற ஆண்கள் யாரும் உள்ளே வரவில்லை. குடும்ப விஷயம்.

அவருடைய வலது கை திறந்திருந்த பீரோவின் விளிம்பில் இருந்தது. சித்ரா பீரோக் கதவைக் கை மேல் சாத்தினாள்.

"சொல்லு."

அவர் அலறினார். அவள் கதவைத் திறந்து, கை நழுவுவதற்குள் மறுபடி சாத்தினாள். இந்த முறை முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். சத்தம் கேட்டது. காய்ந்த குச்சி முறிகிற மாதிரி.

நான் தடுக்கவில்லை. தடுக்கலாம், இரண்டடி தூரத்தில்தான் நின்றேன். எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது.

"உன் புள்ளயும்தான்யா அங்க கெடக்கறான்! சொல்லு!"

சொன்னார். எண்கள் அவருக்கு மனப்பாடம். நான் படிவத்தை நீட்டினேன். இடது கையால் கோடு மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டார். தாளில் ரத்தம் சொட்டியது.

"மைக்குல சொல்லாத பாப்பா," என்றார்.

"இதச் சொல்ல வேண்டாம். படகு இப்ப அங்க இல்ல. இப்ப எங்க இருக்குமோ, அத மட்டும் சொன்னா போதும்."

அவர் என்னையே பார்த்தார். "இத நேத்தே சொல்லக் கூடாதா?"

நேற்று அவர் கேட்கவில்லை. நானும் விதியை மீறலாம் என்று நினைக்கவில்லை.

கணக்குப் போட ஆறு நிமிடம் ஆனது. எங்கள் படகை ஓட்டுகிற சின்னக்கண்ணுவுக்குப் புது இடத்தைச் சொன்னேன். "ஜல்தியா போங்கண்ணா" என்றேன். ரேடியோவில் அப்படி நான் பேசியதே இல்லை. சாரை ஒருவர் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மண்ணாங்கட்டி போக மறுத்துவிட்டார். வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். எதிரே சித்ரா.

ஒன்று நாற்பதுக்கு ரேடியோ கரகரத்தது.

"படகு கெடச்சிச்சு. கவுந்து கெடக்குது. நீ சொன்ன எடத்துல இருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. மேல ஒருத்தரு இருக்காரு. உயிர் இருக்குது."

சித்ரா எழுந்தாள். மண்ணாங்கட்டியும் எழுந்தார்.

"யாரு?" என்றேன்.

"செல்வகுமாரு."

சித்ரா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"இன்னொருத்தர்?"

நான் பட்டனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

"ராத்திரி பூரா ரெண்டு பேரும் ஒரே கயித்தப் புடிச்சிக்கினு இருந்தாங்களாம். பையன் காலைல எட்டு மணிக்குத்தான் கைய வுட்டானாம். சூரியன் நல்லா மேல வந்த அப்புறம்."

நான் நோட்டைத் திருப்பினேன். எட்டு மணிக்கு எங்கள் படகு மரக்காணத்துக்கு நேரே இருந்தது. என் கையெழுத்துதான்.

மண்ணாங்கட்டி என் மேஜைக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இடது கையால் மைக்கை எடுத்தார். பட்டனை எப்படி அமுக்குவது என்று தெரிந்திருந்தது.

"பொம்மையார்பாளையம் மண்ணாங்கட்டி பேசறேன். எல்லாப் படகும் கேட்டுக்கோங்க. எங்க பாரு பன்னெண்டு டிகிரி ரெண்டு நிமிஷம் வடக்கு. எண்பது டிகிரி ஒரு நிமிஷம் கெழக்கு. இருவத்தேழு பாகம் ஆழம்."

மூன்று முறை சொன்னார். விதிப்படி.

முப்பது ஊர்ப் படகுகளும் கேட்டிருக்கும்.