இஷ் குக்கும் ஊதிவிட்ட பொம்மை

சூளையிலிருந்து எடுத்து மணலில் நிறுத்திய மண் பொம்மை, சூடு ஆறுவதற்குள் மூன்று முறை தும்மியது. தும்மியது பொம்மை, மூக்கு எரிந்ததோ அதைச் செய்த இஷ் குக்குமுக்கு. அவள் வாயைத் திறந்தபோது பாதிப் பேச்சு அவளிடமிருந்தும் மீதி பொம்மையிடமிருந்தும் வந்தது. செய்த தப்பு அவளுக்கே தெரியும். அந்தத் தீவில் இறந்தவர்களோடு புதைக்கும் பொம்மை ஒவ்வொன்றும் ஓர் ஊதுகுழல். முதுகில் துளை இருக்கும். துளைக்குள் தங்கும் சாம்பலை இறகால்தான் தட்டி எடுக்க வேண்டும். முதல் ஊதல் இறந்தவருக்கு உரியது. உயிரோடிருப்பவர் ஊதினால் அவர் மூச்சில் பாதி உள்ளேயே தங்கிவிடும். இருபத்திரண்டு வருஷமாகத் தவறாதவள்தான். அன்றைக்கென்று பார்த்து இறகு நெருப்பில் விழுந்தது, அலையாத்திக் காட்டைத் தாண்டிப் படகு வருவதும் தெரிந்தது. அவசரத்தில் வாயை வைத்து ஊதிவிட்டாள்.

"பேருல மட்டும் இறகு இருந்து என்ன பிரயோசனம்?" என்றான் அவள் கணவன் பாட்ஸ். குக்கும் என்றால் அவர்கள் பாஷையில் இறகு. கேலி பேசினானே தவிர, படகு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று எட்டிப் பார்த்தான். பொம்மை குழிக்குள் போனால் இவளுடைய பாதி மூச்சும் மண்ணுக்குள் போய்விடும். போகாவிட்டால், படகில் கொண்டுவரும், இறந்துபோன மூன்று வயதுக் குழந்தை துணையில்லாமல் இருட்டுக்குள் போக வேண்டும்.

"வேற ஒண்ணு சுட்டுரலாமா?"

"எங்க சுட? தண்ணி வத்துறதுக்குள்ள அவங்க திரும்பணும்," என்றாள். 'திரும்பணும்' மட்டும் பொம்மையிலிருந்து வந்தது.

குழந்தையை வைத்த தாழியை அணைத்தபடி இறங்கிய தாய் இஷ் ஏக்கிடம் எதையும் மறைக்க முடியவில்லை, பொம்மைதான் பேசிக்கொண்டிருந்ததே. எல்லாவற்றையும் கேட்டு முடித்தபோது, மூன்று நாளாக அழுத அந்த முகத்தில் எங்கிருந்தோ ஒரு பரபரப்பு ஏறியது.

"அக்கா, உன் மூச்ச உறிஞ்சி எடுத்துக்க. நான் ஊதுறேன்."

"உனக்குப் பாதிதான் மிஞ்சும் தாயி."

"மிஞ்சட்டும். அவ என் குரல் கேக்காம தூங்க மாட்டா."

இஷ் குக்கும் துளையில் வாய் வைத்து இழுத்தாள். நாக்கில் சாம்பல் பட்டது, புகை பட்டது, கடைசியில் நெஞ்சு நிறைந்தது. "வந்துருச்சு, எனக்கு வந்துருச்சு," என்று முழுதாகச் சொல்லிவிட்டுச் சிறுபிள்ளை மாதிரி மணலில் குதித்தாள். இஷ் ஏக் ஊதினாள். பொம்மை செருமியது. பிறகு அவள் குரலிலேயே, "போர்வைய எத்தாதடி," என்றது. தாய் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். தண்ணீர் வற்றுமுன் தாழியையும் பொம்மையையும் ஒன்றாக இறக்கி மண் போட்டார்கள்.

அதன்பின் இஷ் ஏக் அக்கரையில் முப்பத்தொரு வருஷம் இருந்தாள், இன்னும் நான்கு பிள்ளைகள் பெற்றாள். படியேறினால் மூச்சு வாங்கும். சந்தையில் பேரம் பேசும்போது சில சமயம் பாதியில் குரல் நின்றுவிடும். உதடு மட்டும் அசையும். மிளகாய்க்காரி கூடையில் கை வைத்தபடி காத்திருப்பாள். "பொண்ணு முழிச்சிக்கிட்டா போல," என்பாள் பக்கத்துக் கடைக்காரியிடம். குரல் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து விலை பேசுவார்கள்.