யாரும் கேட்காத ஷேடு

இருக்கும், இன்னும் இருக்கும், டியூப் தட்டையாகிவிட்டால் தீர்ந்துவிட்டது என்று யார் சொன்னது, தூக்கிப் போடுகிறவர்களுக்குத்தான் அது தீர்ந்தது, கத்தரிக்கோலால் வயிற்றுப் பக்கமாகப் பிளந்து பார்த்தால் மூலைக்கு மூலை ஒட்டிக்கொண்டு இன்னும் நாலு நாள் பாடு இருக்கும்... அவள் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, பிளந்த ஃபவுண்டேஷன் டியூபுக்குள் காது குடையும் பஞ்சுக்குச்சியை விட்டு வழித்தாள். நாலு நாள் பாடு இல்லை. நகக்கண் நிறைகிற அளவுகூட இல்லை. சரி, அதற்காக? வாங்கப்போவதில்லை, அவ்வளவுதான், இந்த மாசம் முடிகிறவரை முகத்துக்கென்று ஒரு பைசா கையை விட்டுப் போகாது என்று சொன்னால் சொன்னதுதான். மாடியறைக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள், ஒண்ணாந்தேதி அட்வான்ஸ் கைக்கு வந்தா சாவி உன் கையில, இல்லன்னா அடுத்து கேட்டவங்களுக்குக் குடுத்துடுவேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது. வருத்தப்படுவதா? அந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு மேஜை, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. அண்ணன் வீட்டு ஹாலில் டிவி அணைகிறவரை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற மகளுக்கு அந்த மேஜை போதும். தனக்கு அந்தத் தாழ்ப்பாள் போதும். ஆசைப்பட்டது அவ்வளவுதான், அதற்கே இந்தப் பாடு.

கண் மை காய்ந்தால் சுடுதண்ணீரில் நிறுத்தி வைப்பது, உதட்டுச்சாயம் அடியில் தங்கினால் தீக்குச்சியால் தோண்டி, ஒரு மூடியில் போட்டு, கொதிக்கிற பாத்திரத்தின் மேல் காட்டி உருக்குவது, பஞ்சைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் திருப்பி உபயோகிப்பது, எல்லாம் கைவந்துவிட்டது, ராத்திரி முகத்தைத் துடைக்க அடுப்படி எண்ணெயில் ரெண்டே சொட்டு, அந்த ரெண்டு சொட்டுக்கும் அண்ணி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்... உள்ளேயே குடித்தனம் பண்றதா உத்தேசமா, மத்தவங்களும் வேலைக்குப் போகணும், என்று கதவுக்கு வெளியே அதே அண்ணியின் குரல். இதோ வந்துட்டேன் அண்ணி. கெட்டவள் இல்லை, அதையும் சொல்லியாகவேண்டும், புருஷன் போனபின் கைக்குழந்தையோடு வந்து நின்றபோது வாசலில் வைத்து எதுவும் கேட்கவில்லை, உள்ளே வா என்றுதான் சொன்னாள், ஆனால் உள்ளே வா என்று சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று, யாருக்கும் ஒரு பொறுமைதானே. வெறும் முகத்தோடு போய்த் தொலையலாம் என்றால் அதுவும் முடியாது. அழகுசாதனக் கவுண்டரில் நிற்கிறவள் முழு மேக்கப்போடுதான் நிற்கவேண்டும், கடைச் சட்டம் அப்படி, ஆனால் மேக்கப் வாங்குவது அவரவர் காசில், இது எந்த ஊர் நியாயமோ. காலையில் கவுண்டர்களை மேற்பார்க்கிற மேடம் வரிசையாக முகம் பார்ப்பார், சரியில்லை என்றால் பின்னால் கிடங்குக்கு. கிடங்கில் சம்பளம் உண்டு, கமிஷன் கிடையாது, கமிஷன் இல்லாமல் எங்கே அட்வான்ஸ், எங்கே சாவி.

ஆகவே எட்டாம் நம்பர் ஷேடு. பையிலிருந்து அதை எடுத்தாள். சாம்பிள் போட்டுப் பார்க்கிற டெஸ்டர் பாட்டில், தேதி முடிந்து கழிவுப்பெட்டியில் கிடந்தது, மேடத்திடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தாள், திருட்டு ஒன்றும் இல்லை. கழிவுப்பெட்டியில் வெளுத்த நிறத்து ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் என்றைக்குக் கிடைத்திருக்கின்றன, தேதி முடியும் முன்னே ஜனங்கள் கையில் தேய்த்துத் தேய்த்தே காலிபண்ணிவிடுவார்கள், கருத்த நிறத்து எட்டாம் நம்பர் மட்டும் வந்தது வந்தபடி கழுத்துவரை நிறைந்திருக்கும், அதைத் தொடுவார் இல்லை. தேதி ஒரு மாசம் தாண்டிப்போனதற்கு மூஞ்சி கழன்று விழுந்துவிடாது. முதல் வாரம் தன்னுடைய இரண்டாம் நம்பரில் இதை ஒரு பொட்டுதான் கலந்தாள், அளவு கூடுமே என்று, வீட்டில் பாலுக்குத் தண்ணீர் கலப்பதில்லையா அப்படி. அடுத்த வாரம் ரெண்டு பொட்டு. இரண்டு குறையக் குறைய எட்டு ஏறிக்கொண்டே வந்து, இன்றைக்கு உள்ளங்கையில் பார்த்தால் முழுக்க எட்டுதான், இரண்டு என்பது பேருக்குத்தான். பூசினாள். கண்ணாடியைப் பார்த்தாள். நாற்பது வாட் மஞ்சள் பல்பில் என்ன தெரியும், ஆனால் என்னவோ மாதிரி இருந்தது, கருத்துப்போய்விட்டேனோ... வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஏம்மா, இன்னிக்கு மேக்கப் போடலையா, என்று கேட்டாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கே தெரிகிறதே, மேடத்துக்குத் தெரியாமலா போகும். போட்டிருக்கேன்டி, நேரமாச்சு, நட.

பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் மருந்துக்கடை. அங்கேயும் விற்கிறான், சின்ன டியூப், மட்டமானதுதான், ஒன்றே ஒன்று, அதனால் அட்வான்ஸ் முழுகிவிடுமா என்ன... கால் தானாக நின்றது, கையும் பைக்குள் போய்ப் பர்ஸைத் தொட்டது. முழுகும். இப்படி ஒன்றே ஒன்று, ஒன்றே ஒன்று என்றுதான் போன வருஷம் ஒரு அறை கைநழுவிப் போயிற்று. நட என்று தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, உட்காரவில்லை, ஜன்னல் கண்ணாடியில் முகம் தெரியும், தெரிந்தால் மனசு அடித்துக்கொள்ளும், கம்பியைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க நின்றே வந்தாள். கிடங்குக்கு அனுப்பினால் என்ன சொல்வது? மேடம், இந்த ஒரு மாசம் மட்டும்... சேச்சே, கெஞ்சுவதா, கெஞ்சினால் ஏன் என்று கேட்பார், ஏன் என்றால் அறை, அறை என்றால் அண்ணி, குடும்பக் கதையைக் கடையில் பரப்பினதாக ஆகும். அனுப்பினால் அனுப்பட்டும், கிடங்கில் நின்றுகொண்டே வேறு வழி யோசிப்பேன், டியூப் மட்டும் வாங்கமாட்டேன்.

மேடம் வரிசையில் வந்தார், ஒருத்திக்குப் புருவம் சரியில்லை, ஒருத்திக்கு உதடு வெளிறிக்கிடக்கிறது, இவளிடம் வந்ததும் நின்றுவிட்டார். பார்த்தார். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மறுபடியும் பார்த்தார். ஆயிற்று, கிடங்குதான் என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். என்ன போட்டிருக்க? நம்ம கம்பெனிதான் மேடம். அது பொய் இல்லை. நேத்து நல்லா தூங்கினியா, முகம் தெளிவா இருக்கு, என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவளிடம் போய்விட்டார். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தூக்கமா, அண்ணன் குறட்டையில் யார் தூங்கினார்கள்? கவுண்டருக்குப் போய் விளக்குகளைப் போட்டாள், பெரிய கண்ணாடி, சுற்றிலும் வெள்ளை பல்புகள், ஒரு ரோமம்கூடத் தப்பாது. பார்த்தாள். முகம் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. இத்தனை வருஷமாக யூனிஃபார்ம் காலரைக் கழுத்தோடு ஏற்றி விட்டுக்கொண்டு நின்றது, முகம் ஒன்று கழுத்து ஒன்று என்று தெரியக்கூடாதே என்றுதான், அதையும் ஒரு வேலையாக நினைத்ததுகூட இல்லை, மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ ஒரு இரண்டாம் நம்பரைக் கையில் கொடுத்தார்கள், உனக்கு இதுதான் என்றார்கள், சரி என்று வாங்கிக்கொண்டாள், அன்றிலிருந்து மாசா மாசம் காசைக் கொட்டி வாங்கியது வேற யாருடைய நிறத்தையோ... யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆள் வந்துவிட்டது.

அம்மாவும் பெண்ணுமாக வந்திருந்தார்கள். திங்கட்கிழமை பெண்ணுக்கு முதல் வேலை, முதல் நாள், பார்க்க லட்சணமா இருக்க வேணாமா, இவளுக்கு கொஞ்சம் வெளுப்பா காட்டற மாதிரி எதுனா குடுங்க, என்றாள் அம்மா. கை தானாக இரண்டாம் நம்பருக்குப் போய்விட்டது, பழகின கை, வாயும் கூடவே ஓடியது, இது உங்க பொண்ணுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்மா... பெண் அதைப் பார்க்கவே இல்லை, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா, நீங்க போட்டிருக்கறது எது, எனக்கு அதுதான் வேணும். அவங்க ஒண்ணுமே போடலடி, என்றாள் அம்மா. போட்டிருக்காங்கம்மா, கிட்ட வந்து பாரு. காலையில் மகள் கேட்டபோது பயமாக இருந்ததே, அதே வார்த்தைதான், இப்போது ஏன் சிரிப்பு வருகிறது? இரண்டாம் நம்பரை விற்றுவிட்டால் கமிஷன் கையில், ரெண்டு நிமிஷ வேலை, வாயை மூடிக்கொண்டு பில் போடு என்று ஒரு மனசு. இவள் எட்டாம் நம்பர் டெஸ்டரை எடுத்துப் பெண்ணின் தாடையில் ஒரு கீற்று இழுத்து, விளக்கு வெளிச்சம் வேணாம், வாங்க, என்று கடை வாசலுக்கே கூட்டிக்கொண்டு போனாள். பகல் வெளிச்சத்தில் அந்தக் கீற்று இருந்த இடம் தெரியவில்லை. பெண் கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கீழே வைக்கவே இல்லை. அம்மா பெண்ணின் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கருப்பா தெரியும்னு நினைச்சேன், அவ மாதிரியேதான் இருக்கா, என்று மெதுவாகச் சொன்னாள். சரி, இதுல ஒண்ணு போடுங்க.

ஒன்று எங்கே இருக்கிறது? டெஸ்டர்தான் வருகிறது, சரக்கு வருவதே இல்லை, யாரும் கேட்பதில்லை என்று கடையில் நிறுத்தி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஞாயித்துக்கிழமைக்குள்ள வரவழைச்சுத் தரேன்மா, என்று வாய் சொல்லிவிட்டது, சொன்னபிறகுதான் மேடத்திடம் போனாள். மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தனியா ஒண்ணு வராது, பெட்டியாத்தான் வரும், மாசக் கடைசில மிஞ்சினது யார் கேட்டாங்களோ அவங்க கமிஷன்லதான் பிடிப்பாங்க, ரூல் தெரியும்ல? தெரியும் மேடம். ஒண்ணு அந்தப் பொண்ணுக்கு, சரி, மிச்சத்தை யார் தலையில கட்டுவ? ஒரு டியூப் வாங்கமாட்டேன் என்று மருந்துக்கடையைத் தாண்டி வந்தவள், இப்போது ஒரு பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளப் போகிறாள், புத்தி கித்தி பிசகிவிட்டதா, மிஞ்சினால் மேஜை போச்சு, தாழ்ப்பாள் போச்சு, இன்னும் ஒரு வருஷம் அண்ணி எண்ணெய் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வேண்டாம், கம்பெனியில நிறுத்திட்டாங்கம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மா இரண்டாம் நம்பரையே வாங்கிக்கொண்டு போய்விடுவாள், யாருக்கும் நஷ்டம் இல்லை... இல்லையா? அந்தப் பெண் திங்கட்கிழமையிலிருந்து காலரை ஏற்றி விட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். பில் போடுகிற இடத்தைப் பார்த்தாள், அங்கே நிற்கிறவளுக்கு முகம் ஒன்று, கழுத்து ஒன்று. வாசனைத்தைலக் கவுண்டரில் நிற்கிற இரண்டு பேருக்கும் அதே. லிஃப்டில் நிற்கிற அக்காவுக்கு அதே. தினம் பார்க்கிற ஆட்கள்தான், ஆனால் இவள் வேலை முகத்தோடு, கழுத்தைப் பார் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே. அட, ஒரு பெட்டி எந்த மூலைக்கு?

எழுதுங்க மேடம், என்றாள். யாருக்கு விப்பேன்னு கேட்டேன், அதுக்கு பதில் சொல்லலையே, என்றார் மேடம். இவள் நிமிர்ந்தாள். மூக்குக்கண்ணாடிக்குக் கீழே பவுடர் அப்பிய வெள்ளைக் கன்னம், அதற்குக் கீழே தாடை, ஏணி எட்டாத இடத்தில் சுண்ணாம்பு நின்றுபோன சுவர் மாதிரி அங்கே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே கழுத்து, தன் கழுத்தின் அதே நிறம்... பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கமிஷன் கணக்கில் கையெழுத்துப் போடுகிற ஆளிடம் இதைச் சொல்லலாமா, சொன்னால் அவரே ஒன்று வாங்குவாரா, இல்லை நாளைக்கே கிடங்கா? மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.