கேன்டீனுக்கு ஓர் அடுப்பு

வருடாந்திரச் சோதனைக்கு வந்த கேஸ் மெக்கானிக், அடுப்புக்குப் பின்னால் டார்ச்சோடு தலையை விட்டவர், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே எடுத்தார். சோப்புத் தண்ணீர் தடவிய இணைப்பில் நுரை மெல்லமெல்லப் பொங்கிக்கொண்டிருந்தது. ஓவனின் அடித்தகட்டைச் சுண்டுவிரலால் குத்திக் காட்டினார். விரல் உள்ளே போய்விட்டது.

"இது தேறாதும்மா. இந்தக் கம்பெனிய மூடியே பல வருஷமாச்சு, ஸ்பேரும் கிடைக்காது. வீடா இருந்தா ஜன்னலைத் திறந்துவிட்டுத் தப்பிச்சிடலாம். படகுல கசிஞ்சா கேஸ் அடிவயித்துல போய்த் தேங்கி நிக்கும். ஒரு பொறி போதும்."

சிலிண்டரை மூடி, அதன் கழுத்தில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். புது அடுப்பு பொருத்தும்வரை திறக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

அந்தப் பாய்மரப் படகில் சுக்கான் அவளுடையது, அடுப்பு அவள் கணவருடையது. இருபத்தாறு வருடம் ஆற்றுக்குக் குறுக்கே பயணிகள் படகு ஓட்டியவள் அவள். அந்தப் படகுப் போக்குவரத்து அலுவலகத்தின் கேன்டீனை நடத்தியவர் அவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, பத்து மீட்டர் நீளமுள்ள இந்தப் படகை வாங்கிக் குடியேறினார்கள். படகுத்துறையில் இருந்தவர்களுக்கு அவள் கேப்டன், அவர் கேன்டீன். வேறு பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. காற்றில் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடும்போதுகூட, விழாமலிருக்க இடுப்பில் பெல்ட்டைக் கட்டி அடுப்பின் முன் சாய்ந்து நின்று முட்டை பொரித்துக் கொடுப்பார். அடுப்பு இரண்டு பக்கத் தாங்கிகளில் ஊஞ்சல்போலத் தொங்கும். படகு எப்படிச் சாய்ந்தாலும் அது மட்டம் மாறாமல் நிற்கும். அதன் பக்கம் அவளை அவர் விட்டதே இல்லை. "இவ சுடுதண்ணி வெச்சாலும் அடிபிடிக்கும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். உண்மைதானே.

நாலு மாதம் முன்பு ஒரு காலையில் அவருடைய வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போயின. கால் பிழைத்தது, தாங்கித் தாங்கி நடந்தார். பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: வியாழக்கிழமை. தண்ணீர் வேண்டுமென்றாலும் வியாழக்கிழமை, தலை வலித்தாலும் வியாழக்கிழமை. ஏன் அந்தச் சொல் என்று பேச்சுப் பயிற்சி டாக்டருக்கும் தெரியவில்லை. "அவர் மனசுல சரியான வார்த்தைதான் இருக்கும். வாயில இதுதான் வரும். நீங்க ஆமா, இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேளுங்க" என்றார் டாக்டர். அவளும் அப்படியே கேட்டாள். டீ வேணுமா? தலையாட்டுவார். டீ வேண்டாமா? அதற்கும் தலையாட்டுவார்.

மெக்கானிக் போனதும் அவர் எழுந்து அடுப்பின் முன் வந்து நின்றார். இடது கையால் திருகைத் திருப்பினார். ஒன்றும் வரவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"சிலிண்டரை மூடிட்டாங்க. ஓட்டை விழுந்துடுச்சு. புதுசு வாங்கணும்ங்க."

"வியாழக்கிழமை" என்றார். குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மகளுக்குப் போன் செய்தாள். மகள் இருந்த ஊர் ரயிலில் ஒரு பகல் தூரம்.

"எதுக்கும்மா கேஸ்? துறையில கரண்ட் இருக்குல்ல? சின்னதா ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வெச்சா முடிஞ்சது."

"கரண்ட் அடுப்புன்னா படகைக் கட்டியே போட வேண்டியதுதான். நடுத்தண்ணியில அது எரியாது."

மகள் மெதுவாகச் சொன்னாள்: "இனிமே நடுத்தண்ணிக்குப் போவீங்களாம்மா? ஒத்தை ஆளா நீ பாயை இழுப்பியா, அப்பாவைப் பாப்பியா? அப்பா கையில நெருப்பைக் குடுக்காதம்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

மகள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. "பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் விளம்பரத் தாள்களிலிருந்து அடுப்புப் படங்களை வெட்டி மேசையில் பரப்பினாள். கேஸ் அடுப்பு மூன்று, கரண்ட் அடுப்பு ஒன்று. "எது வேணும், காட்டுங்க." அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சீட்டுக்கட்டுபோல அடுக்கி அவளிடமே நீட்டினார். படத்தை வைத்து அடுப்பு வாங்குகிறவர் இல்லை அவர். கேன்டீனுக்குச் சட்டி வாங்கப் போனாலும் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, மூடியைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்குவார்.

எனவே அவரையே அழைத்துக்கொண்டு போனாள்.

படகுச் சாமான் கடை துறைக்குப் பின்தெருவில், மாடியில் இருந்தது. பதினெட்டுப் படி ஏற அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. கடைக்காரர் இருவருக்கும் பழக்கமானவர்தான். ஆனால் கேன்டீனைப் பார்த்ததும், காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கத்தினார்.

"வாங்கண்ணே! நல்லா இருக்கீங்களா?" பதிலுக்குக் காத்திராமல் அவள் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்ன அளவுங்கக்கா?"

அளவு எழுதிய தாளை எடுத்தாள். மூன்று முறை அளந்திருந்தாள். தாங்கிக்கும் தாங்கிக்கும் இடையே ஐம்பத்தோரு சென்டிமீட்டர்.

"ரெண்டு பர்னர் போதுமா? ஓவன் வேணுமா, கிரில் வேணுமா? என்னென்ன சமைப்பீங்க?"

"அவர்தான் சமைப்பார்."

கடைக்காரரின் கண் கேன்டீனின் தொங்கும் கைக்குப் போய்விட்டு, உடனே கூரைக்குப் போனது. "ஓ. சரிங்கக்கா."

அதற்குள் கேன்டீன் தானே நகர்ந்து போயிருந்தார். இரும்புச் சட்டங்களில் மூன்று அடுப்புகள் வரிசையாகத் தொங்கின. முதல் அடுப்பை இடது கையால் ஒரு தள்ளு தள்ளினார். அது ஆடிக்கொண்டே இருந்தது. உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனார். அது மூன்று ஆட்டத்தில் நின்றது. ஓவன் கதவைத் திறந்தார், அடுப்பு முன்பக்கம் சாயவில்லை. திறந்த கதவின்மேல் உள்ளங்கையை அழுத்தினார். கொஞ்சமே தாழ்ந்தது. மேலே பாத்திரம் நழுவாமல் பிடிக்கும் கம்பிகளைத் திருகிப் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தபோது, நாலு மாதமாக அவள் காணாத முகம் அது. சந்தையில் நல்ல மீன் அகப்பட்டால் வரும் முகம்.

"இதா?" என்றாள்.

தலையாட்டினார். இந்த முறை அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

"அண்ணன் கண்ணு தப்பாது" என்றார் கடைக்காரர், அப்போதுதான் அவரைப் பார்த்ததுபோல. "ஐம்பத்தோரு சென்டிமீட்டர், கரெக்டா உக்காரும். திருகை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே லைட்டரைக் காட்டணும். பத்திக்கிட்டதும் பத்து எண்ணி விட்டுடலாம். காத்துல தீ அணைஞ்சா தானா கேஸ் நின்னுடும்."

கேன்டீன் இடது கட்டைவிரலால் திருகை அழுத்தினார். கடைக்காரர் நீட்டிய லைட்டரை வாங்க வேண்டும். வாங்குவதற்குத் திருகை விட்டார். லைட்டர் கைக்கு வந்ததும், திருகை அழுத்தக் கை இல்லை. கொஞ்ச நேரம் நின்றார். லைட்டரை வலது கை விரல்களுக்குள் செருகி, அந்தக் கையை இடது கையால் தூக்கி பர்னர்மேல் வைத்துவிட்டுத் திருகுக்குப் போனார். வலது கை வழுக்கிக் கீழே விழுந்தது. லைட்டர் தரையில் உருண்டது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் அதே மாதிரி. மூன்றாவது முறை லைட்டரை எடுக்க அவள் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவர் அங்கே இல்லை. வாசலருகே சுற்றி வைத்திருந்த கயிற்றுக் குவியலின்மேல் போய் உட்கார்ந்திருந்தார்.

"திருகை அழுத்தினா தானா பொறி வர்ற மாடல் ஒண்ணு இருக்குக்கா" என்றார் கடைக்காரர் தாழ்ந்த குரலில். இப்போதுதான் கத்தாமல் பேசினார். மூன்றாவது அடுப்பைக் காட்டினார். "ஒரு கை போதும். ஆனா ரெண்டு சென்டிமீட்டர் அகலம் ஜாஸ்தி. அலமாரிப் பலகையைச் சீவணும். அப்புறம்..." ஓவன் கதவைத் திறந்தார். அடுப்பு கும்பிடு போடுவதுபோல முன்னால் கவிழ்ந்தது. "கதவு கொஞ்சம் கனம்."

எதிர்க்காற்றிலும் வெள்ளத்திலும் படகைத் துறையில் ஒட்டி நிறுத்தியவள் அவள். பனிமூட்டத்தில் மற்ற படகுகளின் மணியோசையை வைத்துக் கரையைக் கண்டுபிடித்தவள். அந்த மூன்று அடுப்புகளுக்கு நடுவே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அவருக்குப் பிடித்ததை அவரால் பற்றவைக்க முடியாது. அவரால் பற்றவைக்கக் கூடியது பலகையைச் சீவாமல் படகில் அடங்காது, அவர் அதைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. மகள் சொன்ன கரண்ட் அடுப்பு கீழ்த்தட்டில் அட்டைப்பெட்டிக்குள் சமர்த்தாக இருந்தது.

வாசலுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுங்க. எதை வாங்கட்டும்?"

"வியாழக்கிழமை" என்றார் தெருவைப் பார்த்துக்கொண்டே. பிறகு இன்னொரு முறை, இன்னும் மெல்ல: "வியாழக்கிழமை."

ஒரு கையால் பற்றவைக்கக் கூடியதையே வாங்கினாள்.

தச்சர் வந்து இரண்டு பக்க அலமாரிப் பலகையிலும் ஒரு சென்டிமீட்டர் வீதம் சீவினார். மெக்கானிக் புதுக் குழாய் போட்டு, சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டி, சிவப்பு அட்டையைக் கத்தரித்துப் பையில் போட்டுக்கொண்டார். "சமைச்சு முடிஞ்சதும் மறக்காம சிலிண்டரை மூடிடுங்கம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

கேன்டீன் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அடுப்பின் முன் நின்று பெல்ட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். கட்டிவிட்டாள். கட்டைவிரலால் திருகை அழுத்தினார். டக்டக்கென்று பொறி தெறித்து நீலத் தீ வட்டமாக எழுந்தது. உதடு அசைய உள்ளுக்குள் எண்ணி, விரலை எடுத்தார். தீ அணையாமல் நின்றது. அவள் படகுக்குள் இறங்கும் படிக்கட்டில் உட்கார்ந்து, அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அவர் வாணலியைத் தீயில் வைத்தார். ஒரு வெங்காயத்தை எடுத்தார். அதைத் தோலோடு, முழுசாக வாணலியில் வைத்தார்.

வைத்துவிட்டு அதையே பார்த்தார். ஏதோ தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. எண்ணெய் பாட்டிலை எடுத்தார், அதை அலமாரியில் வைத்தார். கரண்டியை எடுத்தார், உப்பு டப்பாவைத் திறந்து மூடினார். கத்தியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஆயிரம் முட்டையை உடைத்த கைக்கு, முதலில் எது, அடுத்தது எது என்பது எங்கோ போய்விட்டிருந்தது. நாலு மாதமும் கடைச் சாப்பாடுதான், அவர் சமைக்க முயன்றதில்லை. அவளும் கேட்டதில்லை. மருத்துவமனையில் இதைப் பற்றி யாரும் சொல்லவும் இல்லை.

வெங்காயத் தோல் கருகிப் புகைந்தது.

"எண்ணெய் ஊத்தணும்னு நினைக்கிறேன்" என்றாள். அதற்கு முன்னால் நறுக்க வேண்டுமோ? எவ்வளவு எண்ணெய்? தீ இவ்வளவு பெரிதாக இருக்கலாமா? முப்பது வருடம் இந்த மனிதர் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறாள், ஒரு நாள்கூடக் கையைக் கவனித்ததில்லை. எழுந்து திருகை மூடினாள்.

அவர் மறுபடி அழுத்திப் பற்றவைத்தார்.

மூடினாள். பற்றவைத்தார். அவள் கையைத் தள்ளிவிடவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. நாலாவது முறை அவள் மூடவில்லை. வாணலியை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தாள். வெறும் தீ எரிந்தது. அவர் அதன் முன் நின்று அழுதார். நோய் வந்த அன்றும் அழாதவர். தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து, வைத்தாள். அவர் அசையவில்லை. கையை எடுப்பதா வேண்டாமா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "கரண்ட் அடுப்புதானேம்மா வாங்கின?"

"ஆமா" என்றாள்.

அதன்பிறகு தினமும் பதினொரு மணிக்கு அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பார். அவள் ஒரு பாத்திரம் தண்ணீரைத் தூக்கி வைப்பாள். அவள் அரிசி போட்ட நாட்களில் அது குழைந்தது அல்லது வேகவில்லை. அவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்குத் தலையாட்டினார். மற்ற நாட்களில் தண்ணீர் சும்மா கொதித்து வற்றும், அவர் தீயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் களைத்துப் போய் உட்காரும்வரை அவள் படிக்கட்டை விட்டு நகர்வதில்லை. பிறகு போய் சிலிண்டரை மூடுவாள்.

ஒரு நாள் காற்று அருமையாக வீசியது. துறையில் பாதிப் படகுகள் கிளம்பின. பக்கத்துப் படகுக்காரர் தன் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

"கேப்டன், இப்படி ஒரு காத்து இனி எப்ப கிடைக்கும்? ஒரு நடை வந்துட்டுப் போங்களேன். நான் ஒரு ஆளை ஏத்தி விடறேன், உதவி பண்ணுவான்."

படிக்கட்டில் உட்கார்ந்தபடியே அவள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள். காற்று முகத்தில் அடித்தது.

"அடுப்பு எரியுதுங்க" என்றாள். "விட்டுட்டு வர முடியாது."

பக்கத்துப் படகுக்காரர் சரி என்று கையாட்டிவிட்டுப் பாயை ஏற்றினார். படகு துறையை விட்டு விலகி, சாய்ந்து, வேகம் பிடித்தது. அது வளைவு திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் கீழே பார்த்தாள். பாத்திரத்தில் தண்ணீர் பாதி வற்றியிருந்தது.